யானைக் கதையும் ஆந்தைக் கதையும்

முறைமைச் சிந்தனை எனப்படும் துறையைப் பொதுவாசகருக்கு அறிமுகம் செய்யும் நூல்களுள் டொனெல்லா மெடோஸ் எழுதியது தனி மதிப்புப் பெற்றது. 1972இல் வெளிவந்து உலகெங்கும் விவாதிக்கப்பட்ட 'வளர்ச்சியின் எல்லைகள்' என்னும் அறிக்கையின் முதன்மை ஆசிரியர் அவர். இந்த அறிமுக நூலை 1993இல் எழுதி முடித்திருந்தும், 2001இல் அவர் மறைந்து ஏழாண்டுகள் கழிந்த பின், 2008இல்தான் அது அச்சேறியது. அதன் முன்னுரையில் ஒரு கதை எடுத்தாளப்படுகிறது. கோர் நாட்டுக்கு அப்பால் ஒரு நகரம்; அங்கு வாழ்ந்தோர் அனைவரும் பார்வையற்றோர். படை பரிவாரங்களோடு வந்த ஓர் அரசன் அருகே பாசறை அமைத்தான். மக்களிடையே தன்னைப் பற்றிய பிரமிப்பைப் பெருக்குவதற்காக அவன் பெரியதொரு யானையை உடன் கொணர்ந்திருந்தான். நகரத்தார் சிலர் சென்று அதனைத் தடவிப் பார்த்துத் திரும்பினர். காதைத் தொட்டவர் கம்பளம் என்றார். துதிக்கையைத் தொட்டவர் குழாய் என்றார். காலைத் தொட்டவர் தூண் என்றார். எஞ்சியதைச் சொல்லத் தேவையில்லை. குருடர் யானையைக் கண்ட கதை நம் மொழியில் பழமொழியாகவே வழங்குகிறது.

இதனைப் பழைய சூஃபிக் கதை என்று மெடோஸ் அறிமுகப்படுத்துகிறார். உறுப்புகளை மட்டும் அறிந்துகொண்டு ஒரு முறைமையின் நடத்தையை அறிந்துவிட இயலாது என்பதே அதன் பாடம் என்கிறார். அவருக்கு முன்பே, 1990இல், நிர்வாகவியல் உலகில் பெரும் செல்வாக்குப் பெற்ற 'ஐந்தாம் நெறி' என்னும் நூலில் பீட்டர் செங்கேயும் இக்கதையைச் சூஃபிக் கதையாகவே எடுத்தாண்டார். இன்று இத்துறையைக் கற்பிக்கும் வகுப்பறைகளில் யானை தவறாது வந்து நிற்கிறது. இஸ்லாமிய ஞான மரபிலிருந்து ஒரு கதை உலகப் பாடநூல்களில் இடம்பெற்றது குறித்து மகிழ்வதோடு நம்மில் பலர் நின்றுவிடுகின்றனர். நாம் கேட்க விரும்புவது வேறு. இக்கதை, அவர்கள் சொல்லும் பாடத்தைக் கற்பிக்கிறதா?

அதற்குமுன் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. 'சிஸ்டம்' என்பதற்கு 'அமைப்பு' என்றால் சங்கமும் கழகமும் நினைவுக்கு வருகின்றன. 'அமைப்பியல்' என்பதை இலக்கியத் திறனாய்வாளர்கள் முன்னரே எடுத்துக்கொண்டுவிட்டனர். ஆகவே இங்கு 'முறைமை' என்றே வழங்குகிறோம். பல உறுப்புகள் ஒன்றையொன்று பாதித்தபடி காலத்தில் ஒரு போக்கை உண்டாக்குமாயின் அது முறைமை. கிணற்றில் நீர் குறைகிறது, ஒருவர் ஆழப்படுத்துகிறார், அடுத்த தோட்டத்துக் கிணறு வற்ற, அவரும் ஆழப்படுத்துகிறார், நிலத்தடி நீர் மேலும் இறங்க, முதலாமவர் மீண்டும் தோண்டுகிறார். இங்கு எவரும் தவறாகக் கணக்கிடவில்லை. ஒவ்வொருவர் செயலின் விளைவும் சுற்றி வந்து அவருடைய அடுத்த செயலுக்கே காரணமாகிறது. பின்னூட்டம் என்பது இதுவே. விளைவு உடனே வராமல் ஆண்டுகள் கழித்து வருவது தாமதம். எந்தெந்தத் தோட்டங்களை இக்கணக்கில் சேர்ப்பது, எங்கே கோடு போடுவது என்பது எல்லை பற்றிய கேள்வி. இம்மூன்றும் இன்றி முறைமைச் சிந்தனை என்பது 'முழுமையாகப் பாருங்கள்' என்ற நல்லுரையாகச் சுருங்கிவிடும். மெடோஸ் தம் நூலின் பிற இடங்களில் இம்மூன்றையும் மிகத் தெளிவாக விளக்குகிறார் என்பதை நாம் மறுக்கவில்லை. முன்னுரைக் கதையில் இவற்றுள் ஒன்றேனும் உண்டா என்பதே வினா.

இக்கதையின் வரலாறு நீண்டது. இஸ்லாத்தின் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே பாலி மொழிப் பௌத்த நூலான உதானத்தில் இது இருக்கிறது. அங்கே சாவத்தி நகரத்து அரசன், பிறவியிலேயே பார்வையற்றோரை ஒன்றுகூட்டி யானையைக் காட்டச் செய்கிறான். தலையைத் தொட்டவர்க்கு அது பானை, காது முறம், தந்தம் கொழு, துதிக்கை ஏர்க்கால், உடல் குதிர், கால் தூண், முதுகு உரல், வால் உலக்கை, வால் நுனி துடைப்பம். உழவர் வீட்டுப் பொருள்கள் எல்லாம் இதற்குள் வந்துவிடுகின்றன. அவர்கள் ஒருவரையொருவர் கைமுட்டியால் குத்திக்கொள்ள, அரசன் பார்த்து மகிழ்கிறான். சமயவாதிகளின் பூசலைச் சுட்டவே புத்தர் இதைச் சொன்னதாக அந்நூல் அமைக்கிறது.

1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வின் தவ்பா பற்றிய பகுதியில் இதனைக் கையாள்கிறார். அங்கே அரசனும் இல்லை, நகைப்பும் இல்லை. ஊருக்கு ஒரு விந்தை விலங்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்ட பார்வையற்றோர் தாமாகவே அறிய விரும்பிச் செல்கின்றனர். இமாமவர்கள் வலியுறுத்துவது, ஒவ்வொருவரும் ஒரு வகையில் உண்மையே சொன்னார் என்பதை. அறிஞர்களின் கருத்து வேறுபாடுகளுள் பெரும்பாலானவை இத்தகையவை என்பது அவர்களது கணிப்பு. ஏறத்தாழ 1131இல் மறைந்த ஹகீம் ஸனாயீ 'ஹதீகத்துல் ஹகீகா'வில் இதற்குக் கோர் நாட்டின் எல்லையையும் படையெடுத்து வரும் அரசனையும் சேர்த்தார். மவ்லானா ரூமி (1207–1273) மஸ்னவியின் மூன்றாம் தொகுதியில் பார்வையற்றோரையே நீக்கிவிட்டார். அங்கே யானை இருட்டு வீட்டில் நிற்கிறது. வருவோர்க்குக் கண்கள் உண்டு, வெளிச்சம்தான் இல்லை. ஆளுக்கொரு மெழுகுவத்தி இருந்திருப்பின் சச்சரவு நீங்கியிருக்கும் என்கிறார். 1967இல் இத்ரீஸ் ஷா தம் தர்வேஷ் கதைத் தொகுப்பில் ஆங்கிலத்தில் தந்தது ஸனாயீயின் வடிவத்தை ஒட்டியது. மெடோஸின் கோர் நகரம் அவ்வழியே வந்தது.

இத்தனை வடிவங்களிலும் ஒன்று மாறாதிருக்கிறது. யானை அசைவதில்லை. தின்பதில்லை, நடப்பதில்லை, தடவுகிற கைகளைக் கண்டு வெருள்வதுமில்லை. அது உருவமாக மட்டுமே நிற்கிறது. கேட்கப்படும் கேள்வியும் அது எப்படியிருக்கிறது என்பது மட்டுமே. உறுப்புகளைக் கொண்டு நடத்தையை அறிய முடியாது என்னும் பாடத்துக்கு, நடத்தையே இல்லாத ஒரு யானை எவ்வாறு சான்றாகும்? தம் தம் அறிக்கைகளை ஒன்றுசேர்த்து வைக்கும் பொறுமை அம்மனிதர்களுக்கு இருந்திருந்தால் யானையின் உருவம் கிடைத்திருக்கும். அத்தோடு கதை முடிந்திருக்கும். உறுப்புகளைக் கூட்டினால் முழுமை கிடைத்துவிடும் என்பதே இக்கதையின் உட்கிடை. முறைமைச் சிந்தனை மறுக்க வந்ததும் அதனையே. செங்கே தம் நூலில், யானையை இரண்டாக வெட்டினால் இரண்டு சிறிய யானைகள் கிடைக்கா என்று ஒரு விதி வகுத்தார். அது நல்ல விதி. ஆனால் அதைச் சொல்ல இக்கதை தேவைப்படவில்லை என்பதையும் கவனிக்கலாம்.

இதில் இமாம் கஸ்ஸாலிக்கோ மவ்லானாவுக்கோ குறையில்லை. அவர்கள் பேசியது மனித அறிவின் எல்லையைப் பற்றி. புலன்கள் எட்டாத மெய்ப்பொருளைப் பற்றி. அதற்கு அசையாத யானை மிகப் பொருத்தமானது. வேறொரு தேவைக்காக அதனைக் கடன் வாங்கியவர்களே, அது அத்தேவைக்கு உதவுமா என்று பார்த்திருக்க வேண்டும். 'பழைய சூஃபிக் கதை' என்ற முத்திரை குத்தப்பட்டவுடன் எந்தக் கதையும் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டதாகிவிடுகிறது. உள்ளபடியே பார்வையற்றவர் எவரும் ஒரு பொருளின் ஓரிடத்தைத் தொட்டு முடிவுகட்டி நிற்பதில்லை. கையை நகர்த்தி நகர்த்தித்தான் அறிவார். கதை அவர்களுக்கு இழைக்கும் அநீதியையும் ஒருமுறையேனும் சொல்லி வைப்பது நல்லது.

எல்லை பற்றிய கேள்விக்கு வருவோம். ஸனாயீயின் வடிவத்தை மீண்டும் நோக்கினால், யானை அந்நகரத்துக்குத் தானாக வரவில்லை. ஓர் அரசன் கொண்டுவந்தான், படையோடு, ஊரை மிரட்டுவதற்காக. அந்நகர மாந்தர் அறிய வேண்டியது விலங்கின் வடிவமா, அந்தப் பாசறையின் நோக்கமா? மெடோஸ் எடுத்தாண்ட வடிவத்திலும் அரசனும் படையும் இருக்கின்றனர். விளக்கத்தில் அவர்கள் காணாமல் போகின்றனர். யானையின் தோலோடு எல்லைக்கோடு நின்றுவிடுகிறது. 'முழுமையைக் காணுங்கள்' என்று சொல்பவரே, எது முழுமை என்பதை யார் வரைந்தார் என்று கேட்கவில்லை.

ஸனாயீ கஸ்னாவைச் சேர்ந்தவர். இந்தியாவிலிருந்து கொண்டுசென்ற போர்யானைகள் கஸ்னவி சுல்தான்களின் படைப்பெருமை. 'ஹதீகா' அர்ப்பணிக்கப்பட்டதோ சுல்தான் பஹ்ராம் ஷாவுக்கு. கோர் என்பது கஸ்னாவுக்கு மேற்கேயுள்ள மலைநாடு. கஸ்னாவின் அதிகாரத்தின் கீழ் அழுத்தப்பட்டிருந்த நாடு. ஆக, கோர் எல்லையில் யானையோடு பாசறையிட்ட அரசன் என்பது கஸ்னா வாசகருக்கு வெறும் கற்பனையாக இருந்திருக்க முடியாது. ஸனாயீ மறைந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளில், 1150ஐ ஒட்டி, தம் சகோதரர்கள் பஹ்ராம் ஷாவால் கொல்லப்பட்டதற்குப் பழிதீர்க்க வந்த கோர் நாட்டு அலாவுத்தீன் ஹுஸைன், யானைகளையும் மீறிச் சுல்தானின் படையை முறியடித்து, கஸ்னாவைத் தீக்கிரையாக்கினார். 'ஜஹான்ஸோஸ்', உலகை எரித்தவர், என்ற பெயர் அவருக்கு அதனால் வந்தது. முறைமைச் சிந்தனையைக் கற்பிக்க விரும்புவோர்க்கு இதோ பின்னூட்டம், இதோ தாமதம், இதோ எல்லை. ஸனாயீ இதையெல்லாம் எண்ணி எழுதினார் என்று நாம் சொல்ல வரவில்லை. கதை பிறந்த மண்ணில் இருந்தது, பாடநூலுக்குப் போகும் வழியில் உதிர்ந்துவிட்டது என்பதே நம் கருத்து.

இது வெறும் இலக்கிய நுணுக்கம் என்று ஒதுக்கத்தக்கதன்று. யானைக் கதையில் எப்போதும் ஒருவர் மட்டும் முழு யானையையும் காண்கிறார்: கதை சொல்பவர். பயிற்சி அரங்குகளில் அந்த இடத்தில் நிர்வாகி நிற்கிறார். நீ வாலைப் பிடித்திருக்கிறாய், அவர் காதைப் பிடித்திருக்கிறார், யானை எனக்குத் தெரியும் என்பதே அங்கே சொல்லாமல் சொல்லப்படுவது. இயந்திரத்தருகே நிற்பவரின் முறையீடு, 'பகுதிப் பார்வை' என்ற பெயரில் தள்ளுபடியாகிவிடுகிறது. உதானத்து அரசனின் சிரிப்பு இருபத்தைந்து நூற்றாண்டுகளாக ஓயவில்லை. ரூமி பார்வையற்றோரை நீக்கி அனைவரையும் இருட்டில் நிறுத்தியது இந்த வகையில் பெரிய திருத்தம். அந்த வீட்டில் சிரிப்பதற்கு வெளியே எவருமில்லை. ஆயினும் மெழுகுவத்தி காட்டப்போவதும் யானையின் உருவத்தையே.

யானை அசையவில்லை என்று குறைகூறும் நாம், எல்லாமே அசைகிற ஒரு கதையையும் பார்த்துவிட வேண்டும். இத்துறையின் ஆசிரியர்கள் மிக விரும்பும் நவீனக் கதை போர்னியோப் பூனைகளுடையது. 1950களில், அன்று பிரித்தானியக் குடியேற்ற நாடாக இருந்த சரவாக்கில், மலேரியாவை ஒழிக்க உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு வீடுகளில் டிடிடி தெளிக்கப்பட்டது. கதை சொல்வது இது: கொசு செத்தது, கூடவே ஒருவகைக் குளவியும் செத்தது, அக்குளவியால் அடக்கப்பட்டிருந்த கம்பளிப்புழுக்கள் பெருகிக் கூரை ஓலைகளைத் தின்ன, கூரைகள் விழுந்தன. நஞ்சுண்ட பூச்சிகளைப் பல்லி தின்றது, பல்லியைப் பூனை தின்றது, பூனைகள் மடிந்தன. எலிகள் பெருகின, கொள்ளைநோய் வந்தது. முடிவில் பதினாலாயிரம் பூனைகளை வான்குடையில் இறக்கினார்கள்.

கேட்டவர் மறக்க மாட்டார். ஆனால் இக்கதையின் ஆவணங்களைத் தேடிய பாட்ரிக் ஓஷானஸி என்பவரின் கட்டுரை 2008இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்விதழில் வெளிவந்தபோது, கட்டுக்கோப்பு குலைந்தது. கூரைகள் விழுந்தது உண்மை. குளவி, புழு விளக்கமும் ஆய்வால் உறுதிப்பட்டது. பூனைகள் வான்வழி இறங்கியதும் உண்மை. 1960 மார்ச்சில் கெலாபித் மேட்டுநிலத்திலுள்ள பாரியோ பகுதிக்குப் பிரித்தானிய விமானப்படை பல்வேறு சரக்குகளோடு அவற்றையும் இறக்கியது. ஆனால் அவை இருபதுக்குச் சற்றே மேற்பட்டவை. அன்றைய பதிவு பேசுவது பயிரைத் தின்னும் எலிகளைப் பற்றி, கொள்ளைநோயைப் பற்றியன்று. பல்லி வழியாகப் பூனைக்கு நஞ்சு ஏறியது என்பதும் தேவையற்ற சுற்றுவழி. பூனை தன் மயிரை நக்கித் துப்புரவு செய்யும் பிராணி. மருந்து தெளித்த சுவரில் உரசியதே அதற்குப் போதும்.

சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றும் அடுத்ததைப் பிசகின்றி இழுக்க வேண்டும் என்ற கதை விருப்பம், உண்மை நிகழ்ச்சிகளைத் தன் வசதிக்கு வரிசைப்படுத்திக்கொண்டது. இதில் நம்மை உறுத்துவது எண்ணிக்கைப் பிழையன்று. இக்கதையிலிருந்து மலேரியா வெளியேறிவிடுகிறது. மருந்து தெளித்தவர்கள் ஏன் அங்கு வந்தார்கள், சரவாக்கின் நெடுவீடுகளில் காய்ச்சலில் கிடந்தவர்கள் யார், தெளிப்புக்குப் பின் அந்நோய் பெரிதும் குறைந்ததே, அது கணக்கில் எந்தப் பக்கம் வரும்? மூன்றாவது வாக்கியத்துக்குப் பின் இவை எவையும் கேட்கப்படுவதில்லை. பூனைக்கும் பல்லிக்கும் இடம் தந்த எல்லைக்கோடு நோயாளிக்கு இடம் தரவில்லை. 'எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தவை, ஆகவே எதிலும் கை வைக்காதீர்கள்' என்ற முடிவுக்கே கேட்பவர் வந்து சேர்கிறார். காய்ச்சலில் கிடப்பவருக்கு அது என்ன விடை?

நம் மரபிலேயே, கேட்பவரைக் கதைக்குள் நிறுத்தும் ஒரு சித்திரம் உண்டு. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்க ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள கப்பலின் உவமை வாசகர் அறிந்ததே. சீட்டுக் குலுக்கி மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் இடம் பெற்றோர். கீழுள்ளோர் நீருக்காக மேலே சென்று வரவேண்டியிருந்தது. மேலுள்ளோர்க்குத் தொல்லை தராதிருக்கத் தம் பகுதியில் ஒரு துளை போட்டுக்கொள்ளலாம் என்று அவர்கள் எண்ணினர். மேடைகளில் இவ்வுவமை பெரும்பாலும் தீமையைத் தடுக்கும் கடமைக்காக மட்டுமே எடுத்தாளப்படுகிறது. அது சரியே. ஆனால் துளையிட நினைத்தவர்களின் நோக்கம் தீயதன்று. அண்டையாரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்னும் நல்லெண்ணம். நீர் கிடைக்கும் வழி ஒரு தளத்தார் கையில் இருந்த ஏற்பாடே அந்த எண்ணத்தைப் பிறப்பித்தது. கையைப் பிடித்துத் தடுக்க வேண்டியவர்கள் மேல்தளத்தார் என்றால், அந்த ஏற்பாட்டால் வசதி பெற்றவர்களும் அவர்களே. கரையில் நின்று இக்கப்பலை வேடிக்கை பார்க்க உவமை யாருக்கும் இடம் தரவில்லை.

ஆயினும் முறைமைச் சிந்தனைக்கென ஒரே ஒரு கதையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நாம் தேர்வது ஆந்தைக் கதையை. மஸ்ஊதியிடமிருந்து எடுத்து இப்னு கல்தூன் 'முகத்திமா'வின் மூன்றாம் அத்தியாயத்தில், அநீதி நாகரிகத்தின் அழிவுக்குக் காரணமாகும் என்ற பிரிவில் வைத்திருக்கும் கதை அது. பாரசீக அரசர் பஹ்ராம் இப்னு பஹ்ராம் (கஸ்னாவின் பஹ்ராம் ஷாவுக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கும் முந்தியவர், பெயர் ஒற்றுமை தற்செயலானது) ஒருநாள் ஆந்தையின் அலறலைக் கேட்டு, அது என்ன சொல்கிறது என்று தலைமை மதகுருவை வினவுகிறார். ஆண் ஆந்தை பெண் ஆந்தையை மணக்க விரும்புகிறது; பெண் ஆந்தையோ, இவ்வரசரின் ஆட்சியில் பாழடைந்த இருபது கிராமங்களைத் தனக்குத் தந்தால்தான் சம்மதிப்பேன் என்கிறது; ஆண் ஆந்தை தயங்கவேயில்லை, இவர் ஆட்சி நீடிக்குமானால் ஆயிரம் கிராமங்களே தருவேன் என்று உறுதி கூறுகிறது என்பது குருவின் பெயர்ப்பு.

வெட்கமுற்ற அரசர் தனியே அழைத்து விளக்கம் கேட்க, குரு கதையை விட்டுக் கணக்குக்கு வருகிறார். அரசு நிற்பது ஆட்களால். ஆட்கள் நிற்பது பொருளால். பொருள் வருவது வேளாண்மையால். வேளாண்மை நிற்பது நீதியால். நீங்கள் நிலங்களை உழுதவரிடமிருந்து பறித்து அரண்மனை அணுக்கர்களுக்கும் வீணர்களுக்கும் தந்தீர்கள். அவர்கள் உழவில்லை, உங்களுக்கு நெருக்கமானவர்கள் என்பதால் அவர்களிடம் வரி கண்டிப்பாகத் தண்டப்படவில்லை. அந்தப் பாரம் எஞ்சிய உழவர்மேல் ஏறியது. அவர்கள் நிலங்களை விட்டு, எளிதில் எட்டமுடியாத தொலைவிடங்களுக்குப் போய்விட்டனர். விளைச்சல் குறைந்தது, வருவாய் குறைந்தது, படை நலிந்தது, அண்டை அரசர்கள் கண் வைக்கத் தொடங்கினர். குருவின் பேச்சின் சாரம் இது. சொல்லாமல் விடப்பட்ட கண்ணியைக் கேட்பவரே பூர்த்திசெய்துகொள்வார்: வருவாய் குறையக் குறைய எஞ்சியோர்மேல் வரி மேலும் ஏறும், மேலும் சிலர் போவர்.

யானைக் கதையோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே எதுவும் அசையாமல் நிற்கவில்லை. இருபது ஆயிரமாகும் என்ற ஆந்தையின் கணக்கிலேயே காலமும் போக்கும் இருக்கின்றன. ஒரு பாழ்நிலத்தைக் காண்பது பகுதிப் பார்வையன்று. அது எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்று கேட்காததே குறை. எல்லாவற்றுக்கும் மேலாக, கதையைக் கேட்கும் அரசரே கதையின் காரணம். அவர் வெளியே நின்று முழுமையைக் காணவில்லை. காணும்படி கொண்டுவந்து நிறுத்தப்படுகிறார், வெட்கத்தோடு. ஒரு பறவையின் திருமணப் பேச்சு இல்லாமல் அந்தக் கணக்கை நேராகச் சொல்லியிருந்தால் குருவின் தலை தப்பியிருக்குமா என்பதும் யோசிக்கத் தக்கது. கதைக்கு அங்கே ஒரு வேலை இருந்தது.

இப்னு கல்தூன் கதையோடு நிற்கவில்லை. அதே பிரிவில் ஓர் எதிர்வாதத்தை அவரே எழுப்பிக்கொள்கிறார்: பெருநகரங்களில் எத்தனையோ அநீதி நடந்தும் அவை அழியவில்லையே? மக்கள்தொகையும் வளமும் மிகுந்த இடத்தில் இழப்பு சிறுகச் சிறுகவே நேரும், கண்ணுக்குத் தெரியாது. அது வெளிப்படும் முன்பே அந்த ஆட்சி போய் வேறோர் ஆட்சி வந்து ஓட்டையை அடைத்துவிடக்கூடும் என்பது அவர் விடை. தாமதம் என்ற கருத்தை இதைவிடத் துல்லியமாக 1377இல் எழுதி முடித்த ஒரு நூலில் எதிர்பார்க்க முடியாது. மெடோஸ் பெரிய இருப்புகள் மெல்லவே மாறும் என்று கூறி விளக்குவதும் இதனையே. வரி பற்றிய அவரது புகழ்பெற்ற கவனிப்பும், ஆட்சியின் தொடக்கத்தில் குறைந்த விதிப்பில் நிறைந்த வருவாயும், முடிவில் மிகுந்த விதிப்பில் குறைந்த வருவாயும் வரும் என்பது, இந்தச் சுற்றின் மற்றொரு முகம்.

ஆனால் ஆந்தைக் கதையும் குறையற்றதன்று. நிலத்தை விட்டுப்போன உழவர்கள் அதில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. வரிக்காரர் இரண்டாம் முறை வந்து நின்ற அன்றே அவர்களுக்கு இந்தக் கணக்கு முழுவதும் தெரிந்திருக்கும். அரசர் அறிய ஒரு பறவையும், அதைப் பெயர்த்துரைக்க ஒரு குருவும் தேவைப்பட்டனர். உழவரின் வாயிலிருந்து அது வந்திருந்தால் இப்னு கல்தூனின் ஏட்டுக்கே வந்து சேர்ந்திருக்காது என்பது வேறு விஷயம்.

இன்னொன்று முடிவு. அரசர் நிலங்களை அணுக்கர்களிடமிருந்து மீட்டு உரியவர்களிடம் ஒப்படைக்கிறார். உழவு தழைக்கிறது, கருவூலம் நிறைகிறது, எல்லைகள் காக்கப்படுகின்றன. கண்டுகொண்டதும் எல்லாம் சீராகிவிடுகிறது. இப்னு கல்தூனே இதை நம்பினாரா என்று நமக்கு ஐயம். அதே மூன்றாம் அத்தியாயத்தில், சில பிரிவுகள் தள்ளி, ஓர் ஆட்சியை மூப்பு பற்றிக்கொண்டால் அது நீங்காது என்று உறுதியாக எழுதுகிறார். சீர்திருத்த முனைவோர் அதைத் தடுத்துவிட்டதாக எண்ணிக்கொள்வர். அணையும் திரி இறுதியில் ஒருமுறை சுடர்விட்டு எரிவதுபோல வலிமை திரும்பியதாகவும் தோன்றும் என்கிறார். பஹ்ராமின் நாட்டில் மீண்டது உழவின் உயிரா, அந்தத் திரியின் கடைசிச் சுடரா? ஆந்தைக் கதையை எடுத்தாள்வோர் அதன் இனிய முடிவோடு ஏட்டை மூடிவிடுகின்றனர். அப்பிரிவையும் மூப்பு பற்றிய பிரிவையும் அருகருகே வைத்துப் பாடம் சொல்லும் ஒரு நூலை நாம் இன்னும் காணவில்லை.